மீசையில் ஒட்டிய விபூதி

மீசையில் விபூதியோடு தட்சிணாமூர்த்தி கையும் களவுமாகப் பிடிபட்டார். அதே விபூதி நெற்றியில் இருந்திருந்தால் ஏன் என்று ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"நேத்து வாங்குன பாக்கெட்டு எங்க?" என்றாள் மனைவி அமராவதி. அவள் குரலில் அன்று வழக்கத்தைவிட உஷ்ணம் ஜாஸ்தி.

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த மனிதருக்கு நாலைந்து மாதமாக இப்படி ஒரு கிறுக்கு. பிரியாணிக் கடையைத் தாண்டும்போது ஊறாத எச்சில் விபூதி வாசனைக்கு ஊறியது. ஐம்பது வயதில் பொண்டாட்டியிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? வேண்டுதல் என்று அடித்துவிட்டார்.

"என்ன வேண்டுதல்?"

"வெளிய சொன்னா பலிக்காது."

அவளும் அதற்குமேல் குடையவில்லை. எதிர்வீட்டுப் பட்டம்மாளிடம் மட்டும் சொல்லி வைத்தாள். பட்டம்மாள் தன் மகனுடைய வேலைக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொல்லி ஒரு பாக்கெட் விபூதியோடு வந்து நின்றாள். மரியாதைக்காக ஒரு வாய் போட்டுக்கொண்டார். அந்த வாரமே பையனுக்கு வேலை கிடைத்துத் தொலைத்தது.

கிறுக்கை மறைக்கப்போய் மனிதர் சாமியாராகிவிட்டார். காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். ரிப்பேருக்குக் கொண்டுவந்த மிக்ஸியைக்கூட அவர் காலடியில் வைத்துக் கும்பிட்டார்கள். பூ, பழமெல்லாம் வேண்டாம், விபூதி மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று அமராவதி வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். குடிகாரன் வீட்டில் சாராயத்தைக் காணிக்கை வைத்த மாதிரி ஆயிற்று.

கொஞ்ச நாளில் அவர் முகம் வெளுத்தது. தேஜஸ் என்றார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிராணாயாமம் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கடையிலேயே தலை சுற்றி விழுந்தார். தண்ணீர் தெளிக்க வேண்டிய கூட்டம் சூடம் ஏற்றியது.

அன்றைக்குத்தான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. இன்னொரு தடவை விழுந்தால் இவர்கள் சமாதி கட்டுவார்களே தவிர, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். போதாக்குறைக்கு இன்னொரு கவலை. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்குமேல் தின்றதாக அவருக்கு ஞாபகமில்லை. வீட்டிலோ வந்த விபூதியெல்லாம் வந்த வேகத்தில் காலியாகிக்கொண்டிருந்தது.

தெரிந்தவர் கண்ணில் படாமல் கடலூரில் போய்க் காட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார். தனியாக விடமாட்டேன் என்று அமராவதியும் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளினிக்குக்கு நடப்பதற்குள் அவளும் ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே வரச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டாள்.

"நான் வெளிய இருக்கேன். நீங்களே சொல்லிக்குங்க."

டாக்டர் வித்யா அவருடைய விபூதி ஆசையைக் கேட்டுக்கொண்டு, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்ததும் விசாரணை தொடங்கியது.

"விபூதி எவ்ளோ சாப்பிடுவீங்க ஐயா? ஒரு சிட்டிகை, ரெண்டு சிட்டிகை?"

"டம்ளர் கணக்குல கேளுங்கம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. இதற்குப் பைகா என்று பேர் என்றார். மண், சாக்பீஸ், சாம்பல் என்று சாப்பாடே அல்லாததைத் தேடித் தின்னச் சொல்லும் கோளாறு. பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் மசக்கை என்று சொல்லிவிடுவார்கள், ஆம்பளைக்கு வந்தால் யாருக்கும் தோன்றாது. ரத்தத்தில் இரும்புச்சத்து ரொம்பக் குறைந்திருக்கிறது, ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும், மாத்திரை எடுத்தால் இந்த ஆசையும் அடங்கும் என்றார்.

"நீங்க சாக்பீஸ் தின்னிருந்தா அன்னைக்கே இழுத்துட்டு வந்திருப்பாங்க. விபூதிங்கறதால கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க."

"அப்ப நான் சாமியார் இல்லியா?"

"இல்லீங்க. நோயாளி."

தட்சிணாமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல செய்தியை அவர் சமீபத்தில் கேட்டதே இல்லை. அந்தத் தெம்பில் பாக்கெட்டுகள் காணாமல் போகிற விவகாரத்தையும் கொட்டினார்.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. தூக்கத்தில் எழுந்து, தனக்கே தெரியாமல் சாப்பிடுவதும் ஒரு கோளாறுதான் என்றார். ஒரே ஆளுக்கு ரெண்டும் சேர்ந்து வருவது அபூர்வம், கடலூரில் தான் இதுவரை பார்த்ததில்லை என்று ஆர்வமாகப் பேனாவைத் திறந்தார். தட்சிணாமூர்த்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் தங்கம்மாள் தலையை நீட்டினாள்.

"டாக்டரம்மா, இவரு கூட வந்த அம்மாவுக்கும் சேத்தே ரத்தப் பரிசோதனை எழுதிடுங்க. வெளிய சாமி படத்துக்கு முன்னால வச்சிருந்த விபூதித் தட்டு காலி."