எமி அவித்த புரதம்

ஆய்வகத்து வெந்நீர்த் தொட்டியின் மூடியை எமி திறந்தபோது, அவள் குழாய்க்குள் இருந்தது புரதம் இல்லை. பனீர்.

முப்பத்தேழு டிகிரியில் வைக்கவேண்டிய தொட்டியைத் தொண்ணூற்றைந்தில் வைத்துவிட்டு, மௌலா அலி வீட்டிலிருந்து வந்த அப்பாவின் போனை எடுத்துப் பேச வெளியே போயிருந்தாள்.

"ஒழுங்கா ஒரு உருவமே எடுக்காத புரதமாம். அதை ஆராயப் பழக்க ஒரு பயிற்சியாம். பேசாம ரயில்வே பரீட்சைக் கோச்சிங்ல சேரும்மா" என்றார் அப்பா தனசிங்.

"இன்னைக்குப் புரதத்தைச் சுத்தமா பிரிச்சு ஜெயிச்சா ஆராய்ச்சி சீட்டுப்பா. இருக்கிறதே ஒண்ணுதான்."

"தோத்தா?"

"கோச்சிங் போறேன்."

இப்போது கோச்சிங் கண்முன்னே நின்றது. குழாயை ஐஸில் அமுக்கினாள். கட்டி இன்னும் இறுகியது. சுழற்றும் எந்திரத்தில் போட்டுச் சுற்றவிட்டாள். வெள்ளையெல்லாம் அடியில் போய் அப்பிக்கொள்ள, மேலே தண்ணீர் மாதிரி ஏதோ மிஞ்சியது. அதை மட்டும் புதுக் குழாயில் ஊற்றித் தன் பெயரை ஒட்டினாள். ரசமே இதைவிட கெட்டியாக இருக்கும்.

பக்கத்து மேஜையில் சைனிக்புரியிலிருந்து வரும் வினயின் குழாய், ஐஸுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"காய்கு டென்ஷன், எமி? எதுக்குப் பதறுறே?" என்றான்.

"உனக்கென்னடா. உன்னோடது பளிங்கு மாதிரி இருக்கு."

"ஹவ், ஆமா" என்றவன் அவசரமாக டீ குடிக்கப் போனான்.

இயேசப்பா, ஒரே ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க என்று வேண்டிக்கொண்டாள் எமி. இரண்டு குழாய்களின் பெயர்ச்சீட்டுகளும் இடம் மாறின.

மாலையில் பயிற்சியாளர் ஜலஜா மேடம் இருவரையும் கூப்பிட்டார்.

"வினய், உன் குழாய்ல நமக்கு வேண்டிய புரதம் மட்டும் சுத்தமா இருக்கு. கொதிக்க வச்சியா? நாளைக்கு நான் நடத்தவேண்டிய பாடம்டா அது. உருவம் உள்ள புரதமெல்லாம் சூட்டுல திரிஞ்சு கட்டியாயிடும். நம்மாளுக்கு உருவமே கிடையாது, கெட்டுப்போக என்ன இருக்கு? தண்ணியிலயே நிக்கும். சீட்டு உனக்குத்தான்."

எமிக்கு அப்போதுதான் புரிந்தது. அவித்ததுதான் சரி. அதைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"என்னோடது, மேடம்?"

"மருந்துக்குக்கூட புரதம் இல்லம்மா. எங்கேர்ந்து பிடிச்ச?"

வெளியே வந்ததும் வினய் பேயறைந்தவன்போல் அவள் கையைப் பிடித்தான்.

"யார்கிட்டயும் சொல்லாத எமி. என் புரதத்தைக் காலையிலேயே கீழ கொட்டிட்டேன். நான் வச்சது வாட்டர் கூலர் தண்ணி."