உடம்புக்கு ஒன்றுமில்லை

அத்தான் பணத்தை எண்ணவில்லை. கவரைத் திறந்துகூடப் பார்க்காமல் ஜெராக்ஸ்காரரின் சட்டைப் பையிலேயே திருப்பித் திணித்தார்.

"இப்ப என்ன அவசரம் மாப்ள? வெச்சுக்க. இனிமே உனக்குத்தான் செலவு இருக்கும்."

நாலு வருஷமாக எதிரே பார்க்கும்போதெல்லாம் "நம்ம விஷயம் என்னாச்சு?" என்று கேட்டே அவரைச் சந்து சந்தாகச் சுற்றவிட்ட அதே அத்தான். கதவோரம் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். ஜலதோஷம் போல என்று நினைத்துக்கொண்டார்.

பணம் வந்தது அரசாங்கத்திடமிருந்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டு, எட்டு மாதம் கடைப்பக்கம் ஆளே வராமல் செய்ததற்கு நஷ்டஈடு. மனு கொடுத்ததையே அவர் மறந்திருந்தார். பாஸ்புக்கில் பதிவு போடப் போனபோது பார்த்தால், திடீரென்று இருபத்தெட்டாயிரம் கணக்கில் வந்து விழுந்திருந்தது.

காசு அவர் கையில் தங்காது. துணி காயப்போட மட்டும் பயன்படும் ஓட்டப்பயிற்சி மெஷினும், ஒரே ஒரு நாள் சாறு பிழிந்த இன்னொரு மெஷினும் அப்படித்தான் பார்சல் பார்சலாக வீட்டுக்கு வந்தன. கடன்களும் கூடவே வந்தன. இந்தத் தடவை என்னவோ நல்ல புத்தி வந்தது. அத்தானுக்குப் பதினைந்தாயிரம், பேப்பர் கடைக்கு ஒன்பதாயிரம், மிச்சம் நாலாயிரம் பேங்கில் டெபாசிட். எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சொல்லி மனைவியை அசத்த வேண்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார்.

பேப்பர் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலி போட்டு, ஃபேனை அவர் பக்கம் திருப்பினார். பணத்தைத் தொடவே இல்லை.

"மெதுவாப் பாத்துக்கலாம்ண்ணே. எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீங்க?"

"ஆஸ்பத்திரியா? எனக்கென்ன?"

"அப்படித்தான் இருக்கணும். மனசு தைரியம்தான் முக்கியம்" என்று கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கட்டுப் பேப்பரையும் காசு வாங்காமலே கொடுத்தார். தூக்க விடவில்லை, ஆள் வைத்து அனுப்பினார்.

அப்போதுதான் ஜெராக்ஸ்காரருக்குப் புரிந்தது. ஆயுளில் கடனைத் திருப்பித் தராதவன் தேடி வந்து தந்தால், சாகப்போகிறான் என்றில்லாமல் ஊர் வேறென்ன நினைக்கும்? இது அத்தான் கிளப்பிவிட்ட வேலைதான் என்று முடிவு கட்டி, உடனே போன் போட்டார். அக்கா எடுத்தாள். எனக்கு ஒன்றுமே இல்லை, கல்லு மாதிரி இருக்கிறேன் என்று மூன்று தடவை அழுத்திச் சொன்னார். மூன்றாவது தடவை அவள் வாய்விட்டே அழுதுவிட்டாள்.

சரி, வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று டாக்டரிடம் போனார். டாக்டர் இரத்தம், சிறுநீர், நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்பதையே எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சி, முத்திரையோடு வாங்கிக்கொண்டு வந்தார். டெபாசிட்டுக்கு வைத்திருந்த நாலாயிரத்தில் பாதி அங்கே காலி.

சான்றிதழை லேமினேட் செய்து கடை வாசலில் தொங்கவிட்டார். வேலை சுத்தமாக முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் நாலு பேர் பழம் கொண்டுவந்தார்கள். கல்லூரிப் பெண்கள் மீதிச் சில்லறை வேண்டாம் என்று போனார்கள். வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது: "நல்லா இருக்கிறவன் எவனாவது சர்ட்டிபிகேட் மாட்டுவானா?"

கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு, பழப்பைகளோடு வீட்டுக்கு வந்தார். மனைவி ஓடிவந்து பைகளை வாங்கிக்கொண்டு, அவர் முதுகுக்குத் தலையணை வைத்தாள். ஒரு வாரமாகவே இந்த உபசாரம் நடந்துகொண்டிருந்தது. கடனை அடைக்கப்போகும் புருஷனின் முகத்தில் ஏதோ ஒளி தெரிந்திருக்கிறது என்று அவர் எண்ணியிருந்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. நஷ்டஈடு வந்தது, அத்தான் வாங்க மறுத்தது, சான்றிதழ் மாட்டியது என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசியாக, இந்தப் புரளியைக் கிளப்பிய அத்தானைச் சும்மா விடப்போவதில்லை என்றார்.

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பாவம், அவர் ஒண்ணும் சொல்லலங்க. பேங்க் மெசேஜ் என் போனுக்குத்தான வரும். பணம் வந்து பத்து நாளாச்சு, வீட்டுக்கு ஒரு பார்சல்கூட வரல. பயந்துபோய் நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்."