அம்மனுக்கு வைத்த வெள்ளிச் சிறுநீரகம்

வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டுக்குக் கதைக்கும்போது நான் பொய் சொல்வதில்லை. பாதியில் நிறுத்திவிடுவேன், அவ்வளவுதான். (அது பொய்யைவிட மோசம் என்று பிறகுதான் தெரிந்தது.)

ஆய்வுகூடத்தில் என் வேலை, எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய குருத்துக்கலங்களிலிருந்து சிறுநீரக இழையத்தை வளர்த்து, இரத்தம் ஊறச் சொல்லும் ஹோர்மோனை அது எப்படிச் சுரக்கிறது என்று பார்ப்பது. ஊரில், பெரியகல்லாற்றில் இருக்கும் அக்காவிடம் இதை, "நாங்க கிட்னி வளக்கிறம்" என்று சுருக்கிவிட்டேன். அக்காவின் புருஷன், அதாவது என் மச்சான், வாவியில் வலை வீசியவர். அப்போது வாரம் இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் போடும் ஊசிமருந்தும் இதே ஹோர்மோன்தான் என்று வேறு அளந்தேன். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதம் கழித்து அக்கா ஒரு சிறுநீரகப் படம் அனுப்பச் சொன்னார். எதற்கு என்று கேட்காமலே அனுப்பினேன். (இந்த மாதிரி விஷயங்களில் நான் பெரிய வள்ளல்.)

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு விடுமுறையில் வந்தபோதுதான் விளங்கியது. எங்கள் பக்கம் கண்ணோ காலோ குணமானால், அந்த உறுப்பை வெள்ளியில் செய்து அம்மனுக்கு வைப்பார்கள். தட்டில் மாங்கொட்டை அளவில் ஒரு வெள்ளிச் சிறுநீரகம் இருந்தது. இரத்தக்குழாய்கூட விடாமல் நான் அனுப்பிய படத்தின் அச்சு. குணமாகுமுன்னரே நன்றி சொன்ன குடும்பம் எங்களுடையது மட்டும்தான். தட்டை என் கையில் தந்து முன்னால் விட்டார்கள். மாப்பிள்ளை மாதிரி நடந்தேன்.

வைத்துவிட்டு வெளிவீதிக்கு வந்ததும் மச்சான் மெதுவாகச் சொன்னார்.

"உன்ட அக்கா தன்ட கிட்னியத் தாறன் எண்டு ஆறு மாசமா நிக்கிறா. பொருத்தமும் சரி. நான்தான் வேணாம் எண்டுட்டன். நீ வளக்கிறாய்தானே, பிறகேன் அவளக் கீறவேணும்?"

"மச்சான், அது பருப்பளவுதான். கண்ணாடித் தட்டுக்குள்ள கிடக்கும். ஆருக்கும் வைக்க ஏலா."

அவர், "அக்காட்ட நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். அக்கா அழவில்லை, என்னை ஏசவுமில்லை. அடுத்த கிழமையே மச்சானை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுபடி சோதித்தபோது அக்காவுக்குச் சீனி வருத்தம் தொடங்கியிருந்தது. இனி அக்காவின் கிட்னியை எடுக்க முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அந்த ஆறு மாதத்தையும் தின்றவன் நான்தான்.

மச்சான் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். விடுமுறையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால், டாக்டர் தடுத்த பருப்புக்கறியிலிருந்து ஒரே ஒரு பருப்பைக் கரண்டி நுனியால் எடுத்துத் தன் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைப்பார்.

"இது என்ட கிட்னி. மத்தத நீங்க தின்னுங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார்.