மூன்று கிராம் வெயில்

நாலு உருண்டை சப்பாத்தி மாவு. தனித்தனியாக நிறுத்தால் ஒவ்வொன்றும் நூறு கிராம். நாலையும் ஒன்றாகப் பிசைந்து வைத்தாலும் நானூறேதான். ஒரு கிராம்கூடக் குறைய மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"குறையணுமே," என்றார் வீரபாண்டி.

ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்துப் பன்னிரண்டாவது பாஸானால் சூப்பர்வைசர் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இன்றைக்குப் பரிசோதகர் முன்னால் ஆளுக்கொரு பாடம் விளக்க வேண்டும். நம்மாளுக்குப் போயும் போயும் அணுக்கரு இணைவு வந்து வாய்த்தது.

ஆர்த்தி டீச்சர் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"நாலு ஹைட்ரஜன் கரு சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகும். ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிக்கிறப்போ சக்தி வெளிய போயிடும். போன சக்திக்கும் எடை உண்டு. அதனால சேர்ந்தது கொஞ்சம் லேசா இருக்கும். நானூறு கிராமுக்கு மூணு கிராம் குறையும். அதுதான் நமக்கு வெயிலா வருது."

"மூணு கிராமுக்கா இம்புட்டு வெயிலு?"

"துளி எடைக்குள்ள மலையளவு சக்தி இருக்குண்ணா. மாவுல இது நடக்காது. படம் வரைஞ்சு காட்டுங்க, போதும்."

படமாவது ஒன்றாவது. நிறுத்துக் காட்டாமல் எதையும் நம்பவைக்க முடியாது என்பது வீரபாண்டியின் கட்சி.

"கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு பாருங்களேன்," என்றாள் மனைவி பெரியம்மாள்.

பிசைந்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

"அப்ப அடுப்புல காட்டுங்க."

காட்டினார். முந்நூற்று எழுபது. அடிப்பக்கம் கருகி வாசனை வேறு வந்துவிட்டது.

"சூரியனே தீஞ்சு போச்சு, போ," என்று தலையில் அடித்துக்கொண்டு, புதிதாக நாலு உருண்டை உருட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்.

பரிசோதகர் ஜோமோன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீரபாண்டி நாலு உருண்டையையும் நிறுத்துக் காட்டினார். ஒன்றாகப் பிசைந்து தராசில் வைத்தார். அவருடைய சுண்டுவிரல் தட்டுக்கு அடியில் தானாகப் போய் நின்றது. அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.

ஆர்த்தி டீச்சர் திறந்த வாயை மூடவில்லை.

"கொள்ளாமே, நல்லா இருக்கு," என்றார் ஜோமோன். "மிச்சம் மூணு கிராம் எங்க போச்சு?"

"சூடாவும் வெளிச்சமாவும் மாறிப் போயிருச்சு சார். எங்கயும் மறைஞ்சுறல."

பரிசோதகர் மார்க் போடப் பேனாவைத் திறந்தார். வீரபாண்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சூப்பர்வைசர் நாற்காலியில் பாதி உட்கார்ந்தே விட்டார்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

கடைசி பெஞ்சில், கொழுந்து பறிக்கிற சாந்தம்மாள் மெதுவாக எழுந்தாள்.

"எங்க நாலு பேரு கொழுந்தும் அண்ணன் தராசுல சேரும்போது பதினெட்டு வருசமாத் தெனமும் ரெண்டு கிலோ குறையுது சார், அம்புட்டும் சூடாத்தான் மாறுதுன்னா, நாங்க குடியிருக்குற லயத்து வீட்டுல மட்டும் ஏன் சார் இப்படிக் குளிருது?"