காயாத பலகை

இரு தரப்பையும் மகிழ்வித்துச் சமாதானம் செய்த மகான்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இரு தரப்புக்கும் சரிசமமாக எரிச்சலூட்டிச் சமாதானம் செய்த மனிதர் ஒருவரைத்தான் நேரில் கண்டிருக்கிறேன். அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் பெயின்ற் அடிப்பவர், கிண்ணியாக்காரர். எந்த வேலை எப்போது முடியும் என்று கேட்டாலும் "காயட்டும்" என்பதே பதில் என்பதால், 'காயட்டும் காக்கா' என்றே அழைத்தோம்; காக்கா என்றால் கிண்ணியாவில் அண்ணன். வீட்டில் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும். அதுவும் எங்கோ காய்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

நான் அங்கே தட்டெழுத்துப் பெண்ணாகச் சேர்ந்தபோது நாடு சுதந்திரமடைந்து சில வருடங்களாகியிருந்தன. கொழும்பில் கொடி மாறிவிட்டது. கடற்படைத் தளம் மட்டும் இன்னும் வெள்ளையரிடம் இருந்தது. அதன் படகுத்துறையில் ஒரு கூரை, கூரையின் கீழ் உட்கார ஒரு நீண்ட மர வாங்கு, வாங்கின் மேலே 'ஐரோப்பியருக்கு மட்டும்' என்றொரு பலகை. அந்த வாங்கில் பதினைந்து பேர் அமரலாம். பெரும்பாலும் இரண்டு பேர் அமர்ந்திருப்பார்கள். மீதி நூறு பேர் நாங்கள் வெயிலில் நின்று, அந்தப் பதின்மூன்று வெற்றிடங்களுக்கும் மரியாதை செலுத்தினோம்.

உப்புக் காற்றில் எழுத்து மங்கும்; ஆண்டுதோறும் காக்கா அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தூரிகையைத் தொடுமுன், படகுத்துறைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரையிடம் விளக்கம் கேட்பார். அவருடைய தமிழை நான் ஆங்கிலமாக்குவேன். துரையின் ஆங்கிலத்தைத் தமிழாக்குவேன்.

"கணக்குப் பகுதியில இரிக்கிற பறங்கி ஐயாவுக்குத் தகப்பன் வழி ஒல்லாந்து, தாய் வழி மட்டக்களப்பு. அவர் அரை வாங்கில இரிக்கலாமா, துரை?"

துரை சிவந்தார். "முடியாது."

"உங்கட நாய் இரிக்குதே?"

"அது என் நாய்."

"ஓம் துரை. ஆனா அது நிலாவெளியில பிறந்த நாய்."

இந்த நாயால்தான் விபரீதம் வந்தது. ஒரு சித்திரை மாத நண்பகலில் அது வாங்கின் நடுவே கால் நீட்டி உறங்கியது. மூட்டை சுமந்து களைத்த ஐந்து தொழிலாளர்கள் அதைப் பார்த்தபடி வெயிலில் நின்றார்கள். சற்று நேரத்தில் ஐவரும் போய் அதன் பக்கத்தில் அமர்ந்தார்கள். நாய் ஆட்சேபிக்கவில்லை. துரை ஆட்சேபித்தார். ஐவருக்கும் அன்றே வேலை போயிற்று. மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் திரும்ப எடுப்பேன் என்றார் துரை. வாங்கைக் கொளுத்துவோம் என்றது தொழிலாளர் சங்கம். மூன்றாம் நாள் தளத்தின் வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள்; ஐந்து வீடுகளில் பெண்கள் அரிசிப் பானையின் அடியைத் தடவத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான், பலகையை இன்னும் பெரிய எழுத்தில் எழுதும்படி காக்காவுக்குக் கட்டளை போயிற்று. வந்தார். வழக்கம்போல் விளக்கத்தில் தொடங்கினார்.

"துரைக்கு வேணுமெண்டது ஒரு மன்னிப்புக் கடிதம். ஆர் தந்தா என்ன? எழுத்து மங்கினது என்ட பிழை. வாசிக்க ஏலாத பலகைக்கு அவனுகள் என்ன செய்வானுகள்? நான் ஒப்பம் வச்சுத் தாறன்."

துரைக்கும் மேலிடத்துக்கு அனுப்ப ஏதோ ஒரு காகிதம் தேவைப்பட்டது. "சரி. ஆனால் கூச்சலோ ஊர்வலமோ நடந்தால் அந்த ஐவரோடு நீயும் போவாய். பலகை?"

"கழட்டிச் சுரண்டி எழுதோணும். எழுதினாப் பிறகு காயோணும்."

"அதுவரை?"

"அதுவரை பலகை இல்ல, துரை. பலகை இல்லாத வாங்கு வெறும் வாங்குதானே?"

நான் மொழிபெயர்த்து முடித்ததும் துரை யன்னல் வழியே அந்த வாங்கைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். அவருக்கு விஷயம் விளங்கவில்லை என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த சங்கத் தலைவர் கொதித்தார். "என்ன காக்கா கதை இது? நாங்கள் தோத்த மாதிரியெல்லோ கிடக்கு!"

"வாங்கில இரிந்து பாத்துட்டுச் சொல்லு தம்பி, தோத்த மாதிரி இரிக்குதா எண்டு."

அந்தப் பலகை காயவேயில்லை. துரை மாதமொரு முறை விசாரிப்பார். முதலில் கடற்காற்று என்றார் காக்கா. பிறகு மாரி மழை. பிறகு பெயின்றின் தரம்; அது இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதையும் மிகுந்த வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார். தளத்தையே ஒப்படைத்துவிட்டுத் துரை கப்பலேறும்வரை, எங்கள் துறைமுகத்தில் நிறபேதம் ஒழிக்கப்படவில்லை, காய்ந்துகொண்டிருந்தது.

ஆனால் நான் அடிக்கடி நினைப்பது உடன்பாட்டுக்கு மறுநாள் காலையை. பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். மேல்மாடி யன்னலில் துரை, கையில் தூரக்கண்ணாடி. ஐவரும் வேலைக்கு வந்திருந்தார்கள், வாங்கை நெருங்கவில்லை. அவர்கள் அமர்ந்தால் யாராவது கைதட்டுவார்கள். கைதட்டினால் ஆறு பேரின் வேலை போகும். ஒருவருமே அமராவிட்டால், செய்யாத குற்றத்துக்குக் காக்கா வைத்த ஒப்பம் வீண். நூறு பேரும் அசையாமல் நின்றோம்.

காக்கா தோளில் கிடந்த துவாயால் வாங்கின் ஒரு மூலையைத் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

"புள்ள, நீங்க இரிங்க. இவனுகள் இரிந்தா சண்டை எண்டு சொல்லுவாங்க. நீங்க இரிந்தா, கால் நோகுது எண்டுதான் சொல்லுவாங்க."

"எனக்குப் பயமாக் கிடக்கு, காக்கா."

"எனக்கு மட்டும் என்னவாம்? இரிங்க."

அமர்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. சற்றுப் பொறுத்து ஐவரில் ஒருவர் மறுமூலையில் அமர்ந்தார், பிறகு இன்னொருவர். படகு வருவதற்குள் வாங்கு நிறைந்துவிட்டது. காக்காவுக்கு இடமில்லை. காலை வெயில் கூரைக்குக் கீழாகச் சரிந்து என் முகத்தில் விழுந்தது. அவர் இரண்டடி நகர்ந்து, எனக்கு முன்னால் அந்த வெயிலில் நின்றுகொண்டார்.