காட்டில் விரல் நீட்டக் கூடாதாம்

அன்புள்ள தங்கை கிமியேவுக்கு,

அண்ணன் தத்சுவோ எழுதுவது. இங்கே கிசோ மலையில் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. அங்கே ஹொக்கைடோவில் இந்நேரம் முதல் பனி விழுந்திருக்கும், மாப்பிள்ளையும் முட்டியைத் தேய்க்க ஆரம்பித்திருப்பார். அவரை விசாரித்ததாகச் சொல்லவும். நீ அனுப்பிய உருளைக்கிழங்குப் பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. அதனுள்ளே, மரங்களுக்கு நடுவே சும்மா நடந்து படுத்து மனசை ஆற்றிக்கொள்ளும் அந்தக் காட்டுக் குளியலுக்கான சீட்டுகள் இரண்டும் இருந்தன. உருளைக்கிழங்குக்கு மட்டும் நன்றி.

ரயில் ஓட்டுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை என்பதை மசாயோ உனக்குச் சொல்லியிருப்பாள். உன் அண்ணி உன்னிடம் சொல்லாதது என்ன இருக்கிறது? ரயில்வே விதிப்படி சிக்னலை விரலால் காட்டி, "சிக்னல், பச்சை, சரி" என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு வண்டியையும் நான் நகர்த்தியதில்லை. அந்தப் பழக்கம் சீருடையோடு கழன்றுவிடுமா? படுக்கப் போகும்முன் சமையலறையில் நின்று, "அடுப்பு, அணைஞ்சிருக்கு, சரி" என்கிறேன். படுத்ததும் சரியாகத்தான் பார்த்தோமா என்று சந்தேகம் வருகிறது. எழுந்து போய் மறுபடியும் சொல்கிறேன். அப்புறம் வாசல் கதவு, குளியல் தொட்டி, மறுபடி அடுப்பு. இதற்குப் போய் ஒருத்தி பெட்டி கட்டுவாளா? கட்டிவிட்டாள். "நீங்க தூங்காட்டி போங்க. என்னையும்ல தூங்க விடமாட்டேங்கிறீங்க. நான் கிமியே வீட்டுக்குப் போறேன், திரும்பி வர்றதைப் பத்தி அப்புறம் பார்ப்போம்" என்கிறாள். போனில் "வாங்க அண்ணி" என்று சொன்னவளும் நீ, என்னைக் குணப்படுத்தக் காட்டுக்கு அனுப்பியவளும் நீ. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி விடக் கூடாது, தங்கையே.

சீட்டை வீணாக்குவது மரியாதையில்லை என்று போனோம். நானாமி என்றொரு சின்னப் பெண்தான் காட்டுக்குள் கூட்டிப்போகிறவள். முதலில் ரத்த அழுத்தம் பார்த்தாள். பிறகு வண்டி ஓட்டும்போது போடும் என் வெள்ளைக் கையுறையையும், முதுகுப்பையில் தொங்கிய கரடியை விரட்டும் மணிகள் இரண்டையும் பார்த்தாள். "மணி என்கிட்ட ஒண்ணு இருக்கு சார், அது போதும்" என்று என்னுடையவற்றைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். எங்களோடு மன உளைச்சலுக்காக ஒரு கம்பெனி அனுப்பிவைத்த ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். அவர்களுடைய பிரிவுத் தலைவர் ஓனுகி என்பவர், அந்த நடுக்காட்டிலும் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் தன் பெயரட்டையை நீட்டினார். நான் பையில் கை விட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு ஏது பெயரட்டை? அந்த ஒரு நொடியில் நான் யாருமே இல்லை என்று பட்டது, கிமியே. வெறுங்கையை எடுக்கக் கூசி, அகப்பட்ட இருமல் மிட்டாயை இரண்டு கையாலும் நீட்டிவிட்டேன். நல்ல மனிதர். அதையும் இரண்டு கையால் வாங்கி, உறையில் இருந்ததை மரியாதையாகப் படித்து, பெயரட்டை வைக்கும் டப்பியில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

நடக்க ஆரம்பித்தோம். பாதையில் வேர் ஓடினால் நான் சும்மா எப்படித் தாண்டுவது? "முன்னால வேர், கவனம்" என்று விரல் நீட்டிச் சொன்னேன். பின்னால் வந்த ஓனுகியும் விரல் நீட்டி, "வேர், கவனம்" என்றார். தலைவரே சொன்ன பிறகு அவருடைய ஆட்கள் விடுவார்களா? காடு முழுக்க ஒரே "கவனம்" ஆகிவிட்டது. நானாமி ஓடி வந்தாள்.

"சார், இங்க சத்தம் போடாம நடக்கணும்."

"சத்தம் போடலைம்மா. சரிபார்க்கிறேன்."

"மரம் எங்கேயும் ஓடிப்போகாது சார்."

"ஸ்டேஷனும்தான் ஓடிப்போகாது. நாங்க காட்டிச் சொல்லாம விட்டிருக்கோமா?"

நானாமி ஆளுக்கொரு பாயைக் கொடுத்து எங்களைப் படுக்க வைத்துவிட்டாள். மேலே சைப்ரஸ் மரங்களின் உச்சி ஆடிக்கொண்டிருந்தது. எது எவ்வளவு ஆடலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த மசாயோவிடம், "இப்ப எதைப் பார்க்கணும்?" என்று மெதுவாகக் கேட்டேன். "ஒண்ணையும் பார்க்க வேண்டாம். இது உங்க வண்டி இல்ல. படுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நான் குறட்டை விட்டேனாம். அதுவும் காட்டு ஓசைதான் என்று நினைத்துக் கம்பெனிக்காரர்கள் கண்ணை மூடிக் கேட்டார்களாம். ஓனுகி போகும்போது நன்றி வேறு சொன்னாராம். நான் விழித்தபோது மசாயோ மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "ஏன் எழுப்பலை?" என்று கத்தினேன். "இந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எழுந்து ஓடினேன். பேருந்து போய்விட்டது. ஓடி வந்தவனைப் பிடித்து நானாமி மறுபடி ரத்த அழுத்தம் பார்த்தாள். காலையில் இருந்ததைவிட அதிகம்.

இதுதான் உன் காட்டு வைத்தியம். அன்று தூங்கியதும் காட்டினால் அல்ல, மத்தியானம் அங்கே கொடுத்த காளான் சோற்றினால். வீட்டுக்கு வந்த அன்றே அடுப்பைப் பார்க்க நாலு தடவை எழுந்தேன். ஆகவே முடிவு பண்ணியபடி மசாயோ அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறாள். ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்பு. அவளுக்குக் குளிர் ஆகாது, படுக்கையை அடுப்புக்குப் பக்கமாக விரி. இனி யாருக்கும் காட்டைப் பரிசாக அனுப்பாதே. உன் பரிசுக்குப் பதில் மரியாதையாகக் கஷ்கொட்டை இனிப்பு ஒரு பெட்டி அனுப்புகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வழுக்கி விழாமல் இந்தக் குளிர்காலத்தைக் கடக்க வேண்டும்.

உன் அண்ணன்,
தத்சுவோ ஹிராபயாஷி

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் இன்னொரு தடவை அந்தக் காட்டுக்குப் போய்வந்தோம், காளான் சோற்றுக்காகத்தான். நேற்று மத்தியானம் கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். மசாயோ ஓசைப்படாமல் வந்து நின்றாள். லேசாகக் கண் திறந்து பார்த்தால், என்னை நோக்கி விரல் நீட்டிக்கொண்டிருக்கிறாள். "வீட்டுக்காரர், தூங்கிட்டார், சரி" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தாள். நான் விழித்துத்தான் இருந்தேன், கிமியே. தப்பான அறிவிப்பை என் வாழ்நாளில் திருத்தாமல் விட்டதில்லை. இதை விட்டுவிட்டேன். ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம்.