ரோட்டால் கப்பலைத் துரத்தினோம்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. பாரிசில் தங்கை வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது வணக்கம், நன்றி, மன்னிக்கவும் என்ற மூன்றையும் பழகினேன். மாதத்துக்கு ஒரு சொல். (அதிலும் மன்னிக்கவும் சரியாக வராது.) ஆனால் நான் ஜெர்மனியில் எசனுக்குத் திரும்பிய கையோடு, சறோவுக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு என்றொரு கதை ஊரில் பரவியது. பரப்பியது நான்தான்.

அந்தக் கதையை நம்பியவர்கள் ரஞ்சியும் வசந்தாவும். மூவரும் அகதி விடுதியில் ஒரே அடுப்பில் முறைவைத்துச் சமைத்துக் கூட்டாளிகள் ஆனவர்கள். ரஞ்சி தையல்கடை வைத்திருந்தாள், வாய் ஓயாது. வசந்தாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. நாளுக்கு நாலு வசனம் கதைத்தால் அதிகம். யூரோக் காசு வந்து இரண்டு மூன்று வருடம் ஆன காலம் அது. ஜெர்மனிக்கு வந்து பதினைந்து வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் விடுமுறை. புருஷன்மாரையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிட்டு, சுவிஸில் பாசலில் புறப்பட்டு ஜெர்மனியில் கொல்னில் முடியும் றைன் நதிக் கப்பலில் ஏறினோம்.

ஸ்டேஷனில் என் மனுசன் கேட்டார்: "மூண்டு பேரும் தனியப் போய்ச் சேருவியளோ?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கொடுத்தே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

இரண்டாம் நாள் காலை கப்பல் பிறைசாக் என்ற ஜெர்மன் ஊரில் நின்றது. ஆற்றைத் தாண்டினால் பிரான்ஸ். அங்குள்ள பழைய ஊர்களைச் சுற்றிக்காட்ட வழிகாட்டியோடு பஸ் காத்திருந்தது.

"அதில போவமே?" என்றாள் ரஞ்சி.

"கொடி பிடிக்கிறவளுக்குப் பின்னால ஆட்டுமந்தை மாதிரிப் போகவோ? நான் இருக்கிறன். மூண்டு ஊர். நாலு மணிக்குக் கப்பல் வெளிக்கிட முன்னம் வந்து நிப்பம்."

வசந்தா, கப்பல்காரர் தினமும் காலையில் கதவுக்கடியால் தள்ளிவிடும் நிகழ்ச்சித் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். நானும் ரஞ்சியும் அந்தத் தாளை வாசித்ததே இல்லை.

முதல் ஊரான கொல்மார் நல்லபடியாக முடிந்தது. கால்வாய், மரச்சட்டம் போட்ட வீடுகள், சேர்ச், முப்பது படம். அதுதான் வினை. எனக்குத் துணிவு வந்துவிட்டது. மத்தியானம் இன்னொரு பஸ் பிடித்து இரண்டாவது ஊரான எகிசைமுக்குப் போனோம். மஞ்சள், நீலம், ரோஸ் நிறங்களில் வீடுகள். ஜன்னலுக்கு ஜன்னல் பூச்சட்டி. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு, மூன்றாவது ஊருக்குப் பஸ் தேடி நடந்தோம்.

நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம்.

"இந்த வீட்டை முதலும் கண்டமாதிரிக் கிடக்கு" என்றாள் ரஞ்சி.

"பிரெஞ்சு வீடு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"அந்தக் கதவும் ஒரே மாதிரியோ?"

"ஓம். அது அவையின்ர பண்பாடு."

கொஞ்ச நேரம் கழித்து வசந்தா நின்றாள். ஒரு ஜன்னலில் சாம்பல் பூனை ஒன்று படுத்திருந்தது. "இந்தப் பூனை எங்களை மூண்டாந்தரம் பார்க்குது" என்றாள்.

அந்த ஊர் வட்டத்துக்குள் வட்டமாகக் கட்டப்பட்டது. வெளித்தெருவில் நேரே நடந்துகொண்டிருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் அது இருக்கிறதாம். என்னிடம் புத்தகம் இல்லை. உறுதி மட்டும் நிறைய இருந்தது.

கடைசியில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தேன். வசந்தாவும் பின்னால் வந்தாள். வயதான அம்மா ஒருவர் நின்றார். வணக்கம் சொல்லி, "பஸ்?" என்று மூக்கால் கேட்டேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். என் காது பிரெஞ்சுக்குத் தயாராக நின்றதால் ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. "மெர்சி" என்று நன்றி சொல்லித் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"என்னவாம்?" என்றாள் ரஞ்சி.

"சதுக்கத்துக்குப் போகட்டாம்."

சதுக்கத்தில், கடவுள் அனுப்பியது போல, ஒரு குட்டி வெள்ளை ரயில் நின்றது. இதைவிட வேறென்ன வேண்டும்? மூவரும் ஏறினோம். ரயில் மணியடித்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியே வந்து திராட்சைத் தோட்டங்களுக்குள் ஏறியது. "பாத்தியளே!" என்றேன். பிறகு கொஞ்சம் வளைந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். முக்கால் மணித்தியாலம் கழித்து அதே சதுக்கத்தில், அதே நீரூற்றுக்கு முன்னால், எங்களை இறக்கிவிட்டது.

நாலு மணிக்கு இன்னும் கால் மணித்தியாலம்தான் இருந்தது, கப்பல் நின்ற இடமோ அரை மணித்தியாலத்துக்கு மேலான தூரம். மூன்றாவது ஊரைக் கைவிட்டு, கப்பலுக்குத் திரும்பப் பஸ் எங்கே என்று நான் பதறியபோதுதான் வசந்தா வாயைத் திறந்தாள்.

"அந்த மனிசி சொன்னவ, இண்டைக்குப் பின்னேரம் பஸ் இல்லையெண்டு."

"எந்த மனிசி?"

"பேக்கரியில. அவ ஜெர்மனிலதானே கதைச்சவ."

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"நீ மெர்சி எண்டு சொன்னனி. விளங்கீட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

உடுப்பு, பாஸ்போர்ட், வசந்தாவின் பிரஷர் குளிசை எல்லாம் கப்பலில். ரஞ்சி தொலைபேசியை எடுத்தாள். "இவருக்கு அடிச்சுச் சொல்லுவம்."

"வேண்டாம்! இப்ப அடிச்சா, இனி ஆயுளுக்கும் எங்களைத் தனிய விடமாட்டினம். கப்பலைப் பிடிக்கிறம்."

"கப்பல் தண்ணியில போகுது, சறோ!"

வசந்தா கைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். "போற வழியில ரெண்டு ஷ்லொய்ச கிடக்கு. முதலாவது நாலே முக்காலுக்கு. மற்றது ஆறு மணிக்கு." ஷ்லொய்ச என்பது ஆற்றின் நடுவே கட்டிய பெரிய சீமெந்துத் தொட்டி. கப்பல் உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரை வற்றவிட்டு, கப்பலைக் கீழே இறக்கி அனுப்புவார்கள். அதுவரை கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும்.

நான் சதுக்கத்தைக் குறுக்காக ஓடினேன். வைன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் வான் முன்னால் கையை விரித்து நின்று, "கப்பல்! கப்பல்!" என்று தமிழில் கத்தினேன். (மூன்று மாதத்தில் கப்பலுக்குப் பிரெஞ்சு படிக்கவில்லை.) வசந்தா பின்னால் வந்து ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னாள். எல்லையோரத்து ஆட்களுக்கு ஜெர்மன் வரும். அவர் சிரித்துக்கொண்டு ஜெர்மனிலேயே "ஏறுங்கள்" என்றார். முன்னால் இரண்டு இருக்கை. கூட்டாளிகள் ஒருமனதாக என்னைப் பின்னால், வைன் பெட்டிகளுக்கு மேலே இருத்தினார்கள்.

முதல் ஷ்லொய்சக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பல் ஏற்கெனவே கிணற்றுக்குள் மாதிரி ஆழத்தில் நின்றது. மேல்தட்டில் நின்றவர்கள் எங்களை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் படமெடுத்தார். எங்களோடு ஒரே மேசையில் சாப்பிடும் கிழவி கை காட்டினார். கீழ்க்கதவு திறந்தது. கப்பல் போனது.

"அடுத்ததுக்கு விடுங்கோ!" என்று வைன் பெட்டிகளுக்கு மேலிருந்து கத்தினேன்.

இரண்டாவது ஷ்லொய்சயில் கப்பல் வர முன்னமே நாங்கள் போய் நின்றோம். ஆனால் கம்பிவேலி. வேலிக்குள் ஒரு காவலாளி. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாதென்று கையால் காட்டினார். நான் எனது மூன்று பிரெஞ்சுச் சொற்களையும் முன்னும் பின்னுமாக மாற்றிமாற்றி அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜெர்மனில் சொன்னார்: "அம்மா, தயவுசெய்து ஜெர்மனில் பேசுங்கள்."

ரஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னால் கப்பல் தொட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் மானத்தை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, பதினைந்து வருட ஜெர்மனைக் கூட்டிப் பெருக்கிக் கெஞ்சினேன். வசந்தாவின் குளிசை, வட்டத் தெரு, பூனை, குட்டி ரயில், ஒன்றையும் விடவில்லை. ரயிலுக்கு வந்தபோது அவர் தோள் குலுங்கியது. கப்டனோடு தொலைபேசியில் கதைத்தார். பிறகு கேற்றைத் திறந்தார்.

மேல்தட்டு கரைக்குச் சமமாக நின்றது. ஒரு மாலுமி கை கொடுக்க, ஒவ்வொருவராகக் கால் வைத்தோம். மொத்தக் கப்பலும் கைதட்டியது. ஒலிபெருக்கியில் கப்டன் அறிவித்தார்: "பயணிகள் கணக்கு இப்போது சரி."

கொல்னில் கரையில் நின்ற என் மனுசனிடம், பெட்டி இறங்கும் முன்பே ரஞ்சி எல்லாக் கதையையும் ஒப்புவித்துவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வருடமும் எங்களைத் தனியே விட்டார். ஒரே நிபந்தனை, தாள் வசந்தாவின் கையில் இருக்கவேண்டும்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம். எல்லாம் முடிந்து, எஞ்சிய பலகாரத்தைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு மண்டபத்துக் குசினியில் நின்றுவிட்டேன். வெளியே வந்தால் ஒரு காரும் இல்லை. எல்லாரும் நான் மற்றக் காரில் என்று நினைத்துப் போய்விட்டார்கள். பதறிப்போய் மகளுக்கு அடித்தேன். எடுத்தது மாப்பிள்ளை. எங்கள் குடும்பத்துக்குள் வந்து நாலு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

"பதறாதேங்கோ மாமி" என்றார். "அடுத்த ஷ்லொய்சயில ஏத்துறம்."